அம்மாவின் பால்குடம்: சிங்கப்பூரில் ஆறு நாள்

முதல் நாள் – பிப்ரவரி 7, 2025, வெள்ளி

திருச்சியில் நடுராத்திரி ஏறினோம், விடியும்போது சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் இறங்கிவிட்டோம். அம்மா வழியெல்லாம் கண்ணை மூடவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே இருட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"என்னம்மா பாக்குற, ஒண்ணுமே தெரியலையே" என்றேன்.

"கடலுதானே கீழ. இத நான் ஒருவாட்டி முழுசா பாத்தவ" என்றாள்.

1969இல் நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்தவள் அவள். அப்போது வயது 18. கல்யாணமாகி நாலு மாதம். அப்பா இங்கே துறைமுகத்தில் வேலையில் இருந்தார். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்துப் பெண். அதற்கு முன் தஞ்சாவூரைத் தாண்டியதில்லை. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தள்ளித்தான் நிற்கும். படகில் போய் ஏற வேண்டும். அப்படி ஏறும்போது ஒரு செருப்பு நழுவிக் கடலில் விழுந்துவிட்டதாம். "ஒத்தச் செருப்ப வெச்சிக்கிட்டு என்ன பண்றது? அதையும் போட்டுட்டேன்." பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்று நின்று நின்று வந்த கப்பலிலிருந்து சிங்கப்பூர் மண்ணில் அம்மா வெறுங்காலோடு இறங்கினாள். அப்பா அவளை முதலில் கூட்டிக்கொண்டு போனது ஒரு செருப்புக் கடைக்கு. இந்தக் கதையை நூறு தடவை கேட்டிருக்கிறேன். இன்று விமானத்தில் கேட்டபோது புதிதாக இருந்தது.

இந்தப் பயணம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். 2016இல் என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. ஸ்ரீரங்கத்தில் நான் தனியாகத் திண்டாடுகிறேன் என்று தெரிந்ததும் அம்மா சிங்கப்பூரில் இருந்த தோ பாயோ வீட்டை விற்றுவிட்டு ஒரே மாதத்தில் வந்து சேர்ந்தாள். 65 வயதில், 47 வருடம் வாழ்ந்த ஊரை விட்டு. வந்த அன்றே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மருமகனைத் தூக்கி உட்காரவைத்தாள். இன்று அவர் கோலூன்றி நடக்கிறார் என்றால் அதில் பாதி அம்மாவின் கை. போன மார்கழியில் அவரேதான் சொன்னார்: "அத்தைக்குக் கால் நல்லா இருக்கும்போதே ஒருவாட்டி தைப்பூசத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வா. என்னைப் பெரியவன் பாத்துக்குவான்." அம்மா அன்றைக்கே விரதத்தைத் தொடங்கிவிட்டாள். 48 நாள், ஒரு வேளைச் சாப்பாடு.

குடிநுழைவில் அம்மாவிடம் சிவப்புக் கடவுச்சீட்டு. இந்த ஊர்க் குடிமகள். நான் கல்யாணத்துக்கு அப்புறம் இந்தியக் குடியுரிமைக்கு மாறியவள். அவள் முதலில் போய், அந்தப் பக்கம் நின்று என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதில் பள்ளி வாசலில் எனக்காக நிற்பாளே, அதே நிற்பு.

அண்ணன் வீடு பொங்கோலில். அண்ணி எல்லாவற்றையும் தயாராக வைத்திருந்தார். பால்குடத்துக்கு இணையத்தில் பதிவு செய்து, நேரமும் எடுத்துவிட்டார். அதிகாலை.

சாயங்காலம் வெள்ளிக்கிழமை ஆயிற்றே, தோ பாயோ லோரோங் 8இல் வைராவிமட காளியம்மன் கோயில். இந்தக் கோயில் முன்பு ஆர்ச்சர்ட் பக்கம் இருந்தது, எண்பதுகளில்தான் தோ பாயோவுக்கு வந்தது. "நான் இங்க வந்தேன், காளியாத்தா என் பின்னாடியே குடி வந்துட்டா" என்பாள் அம்மா. வெள்ளிதோறும் வந்து சன்னதிக்கு எதிரே தூணோரம் நிற்பாள். அவள் வாயில் மந்திரமோ பாட்டோ வராது. கணக்கு ஒப்பிப்பாள். கரண்டு பில் இவ்வளவு, பெரியவன் பள்ளிக்கு இவ்வளவு, கையில் மீதி 11 வெள்ளி (டாலர்), திங்கள் வரைக்கும் ஓட்டணும், பார்த்துக்கோ. பக்கத்தில் நின்று நான் எத்தனையோ தடவை காதில் வாங்கியிருக்கிறேன். இன்றும் உதடு அசைந்தது. கிட்டே போய்க் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டாம் நாள் – பிப்ரவரி 8, சனி

தோ பாயோ என்றால் பெரிய சதுப்பு என்று அர்த்தம். சதுப்பைத் தூர்த்து வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அறுபதுகளில் எழுப்பிய நகரம். நாங்கள் 1973இல் அங்கே மூவறை வீட்டுக்குப் போனோம், 7ஆம் மாடி. எனக்கு ஒரு வயது. அப்போது மின்தூக்கி 5ஆம் மாடியிலும் 9ஆம் மாடியிலும்தான் நிற்கும். காய்கறிப் பையோடு இரண்டு மாடி ஏறு, இல்லை இரண்டு மாடி இறங்கு. இப்போது எல்லா மாடியிலும் நிற்கிறது. 7ஐ அழுத்திவிட்டு அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

எங்கள் வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். கதவு பூட்டியிருந்தது. சீனப் புத்தாண்டின் சிவப்புக் காகிதம் இருபுறமும் ஒட்டியிருந்தது. அம்மா கதவைப் பார்க்கவில்லை, நிலைச் சட்டத்தின் மேல் பகுதியைத் தடவினாள். இரண்டு ஆணிகள். மாவிலைத் தோரணம் கட்ட 1973இல் அப்பா அடித்த ஆணிகள். மேலே எத்தனை தடவையோ சாயம் பூசிவிட்டார்கள். ஆணியைப் பிடுங்காமல் அதன் மேலேயே பூசியிருக்கிறார்கள். சின்னப் பரு மாதிரி இரண்டு மேடு. அம்மா விரலால் ஒன்றைத் தொட்டாள், அப்புறம் மற்றதை. அவ்வளவுதான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அப்பா 1980இல் போனார். காலை ஷிப்டுக்குப் போனவர், வேலையிடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். அண்ணனுக்கு 10, எனக்கு 8, தம்பிக்கு 4. அம்மாவுக்கு 29. ஊரிலிருந்து தாத்தா கடிதம் போட்டார்: பிள்ளைகளோடு வந்துவிடு, நிலம் இருக்கிறது, கஞ்சியோ கூழோ குடிக்கலாம். அம்மா பதில் எழுதினாள். ஐந்தாவது வரைக்கும் படித்தவளுடைய எழுத்து. அந்தக் கடிதம் தாத்தா பெட்டியிலிருந்து பிற்பாடு எங்களிடம் வந்தது. நாலே வரி. பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள். அவர் அதற்குத்தான் வந்தார். நான் வேலைக்குப் போகிறேன். நீங்கள் கவலைப்படாதீர்கள்.

வேலை, காலாங் பக்கத்து மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில். ராத்திரி 11 மணியிலிருந்து காலை 7 மணி வரை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் ஒட்டுகிற வேலை. அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் ஆயிரக்கணக்கான பெண்கள் செய்த வேலை அது. காலையில் வீட்டுக்கு வரும்போது அம்மாவின் இரண்டு கண்ணைச் சுற்றியும் வட்டமாகச் சிவப்புத் தடம் பதிந்திருக்கும். முகத்தைக் கழுவிவிட்டு எங்களைக் கிளப்புவாள். நாங்கள் போனதும் துணி துவைப்பாள். சமையலறை ஜன்னலுக்கு வெளியே குழாய்கள் இருக்கும்; நனைந்த துணியை மூங்கில் கழியில் கோத்து, கழியை ஜன்னல் வழியே வெளியே நீட்டி அந்தக் குழாயில் செருக வேண்டும். ஏழாம் மாடியில், பாதி உடம்பு வெளியே. ஈரத் துணியோடு கழி என்ன கனம் கனக்கும் என்று தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ராத்திரி முழுக்கக் கண் விழித்த கையோடு அவள் அதைச் செய்திருக்கிறாள். நான் தாயான பிறகுதான் இதை நினைத்துப் பயந்தேன்.

ராத்திரியில் எங்களை யார் பார்த்துக்கொண்டது? அடுத்த வீட்டு ஆ மா. சீனப் பாட்டியைக் கூப்பிடுகிற சொல் அது. அப்போது அவருக்கு நாற்பதுகூட இல்லை, அவருடைய பிள்ளைகள் எங்கள் மூவரையும்விடப் பெரியவர்கள், ஆனாலும் தம்பி அப்படிக் கூப்பிட ஆரம்பித்து அதுவே பெயராகிவிட்டது. இப்போது 83. இன்னும் அதே வீடு. இன்றைய பயணமே அவரைப் பார்க்கத்தான்.

கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மாவைப் பார்த்ததும் எழ முயன்றார், முடியவில்லை. "சூடா மாக்கான்?" என்றார். சாப்பிட்டாச்சா என்று மலாயில். ஒன்பது வருடம் கழித்துப் பார்க்கிறவர் கேட்ட முதல் கேள்வி. இவருக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சீனம் தெரியாது, இருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. 40 வருடத்துக்கும் மேல் இரண்டு பேரும் சந்தை மலாயிலேயே குடும்பம் நடத்தினார்கள். அம்மாவுக்கு ஸ்ரீரங்கத்தில் மலாய் பேச யாருமில்லை. முதல் ஐந்து நிமிடம் சொல் தடுக்கியது. அப்புறம் மடை திறந்ததுபோல வந்துவிட்டது.

ஆ மா குவான் யின் அம்மனைக் கும்பிடுகிறவர், மாட்டுக்கறி தொடமாட்டார். எங்கள் வீட்டிலும் தொடமாட்டோம். அந்த ஒரு பொருத்தத்தை வைத்தே அம்மா எங்களை நம்பி விட்டாள். எங்களுக்கென்று ஒரு தனிச் சட்டி வைத்திருந்தார், பன்றிக்கறி படாத சட்டி. அம்மா பணம் கொடுத்துப் பார்த்தாள், வாங்கவில்லை. அதனால் ஞாயிறுதோறும் தோசை போகும். தீபாவளிக்கு முறுக்கு போகும்.

இப்போதும் மணப்பாறை முறுக்கு கொண்டுவந்திருந்தோம். ஆ மாவுக்குப் பல் இல்லை. ஒரு துண்டை ஒடித்துக் கோப்பியில் முக்கி, ஊறும் வரை பொறுமையாகப் பிடித்துக்கொண்டிருந்து வாயில் போட்டார். புத்தாண்டு 15 நாளும் முடியாததால் இரண்டு ஆரஞ்சு கொடுத்தார். அம்மா இதற்கென்றே வாங்கி வந்த இரண்டு ஆரஞ்சைத் திருப்பிக் கொடுத்தாள். கிளம்பும்போது என் கையில் ஒரு சிவப்பு உறை. ஆங் பாவ், புத்தாண்டுக்குப் பெரியவர்கள் சின்னவர்களுக்குக் கொடுக்கும் பணம். எனக்கு 52 வயது. வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

மூன்றாம் நாள் – பிப்ரவரி 9, ஞாயிறு

தேக்கா, லிட்டில் இந்தியாவின் சந்தைப் பகுதி. ஞாயிறு என்றால் கேட்கவே வேண்டாம், கால் வைக்க இடமில்லை. வெளிநாட்டு ஊழியர் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக. ஒரு பையன் கைபேசியில் "அம்மா, சாப்டேன்மா, சாப்டேன்மா" என்று மூன்று தடவை சொல்லிக்கொண்டு போனான். எந்த ஊர் அம்மாவோ, நம்பவில்லை போல.

சந்தையில் அம்மா பழைய கடைகளைத் தேடினாள். இரண்டுதான் மிஞ்சியிருந்தன. பால்குடத்துக்கு மஞ்சள் துணி, பூ, கற்பூரம் வாங்கினோம். குடம் வாங்கவில்லை. 1981இல் சிராங்கூன் ரோட்டில் வாங்கிய பித்தளைக் குடம் அண்ணன் வீட்டில் இருக்கிறது. அண்ணி புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறார்.

அங்கிருந்து ஹாம்ப்ஷயர் ரோடு. பழைய கே.கே. ஆஸ்பத்திரிக் கட்டடம். கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைக் கொட்டில். அந்த வட்டாரத்துப் பழைய பெயர் அது. 1966இல் இங்கே ஒரே வருடத்தில் 39,835 குழந்தைகள் பிறந்தன, கின்னஸ் புத்தகத்தில் ஏறிய எண்ணிக்கை. ஆஸ்பத்திரி 1997இல் அருகிலேயே புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. பழைய கட்டடத்தில் இப்போது நிலப் போக்குவரத்து ஆணையம். நாங்கள் மூன்று பேரும் பிறந்தது இங்கேதான்.

அம்மா வாசலுக்கு எதிரே நின்று ஒவ்வொரு பிரசவமாகச் சொன்னாள். அண்ணனுக்கு இரண்டு நாள் வலி. நான் ஆட்டோ கணக்காக வேகமாக வந்தேனாம். தம்பி வந்த 1976இல் ஊரெல்லாம் 'இரண்டு போதும்' என்று சுவரொட்டி. மூன்றாவது பிள்ளைக்குப் பிரசவக் கட்டணமும் கூடுதல். அப்பா ஒரு மாதம் ஓவர்டைம் பார்த்துக் கட்டினார். "அந்த மூணாவதுதான் அவரு போன பின்னாடி என்னைத் தூங்கவெச்சான். நெஞ்சு மேல படுத்துப்பான். அந்தக் கனம் இருந்தாத்தான் தூக்கம் வரும்." தம்பி இப்போது பெர்த்தில். சாயங்காலம் அவனுக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன், கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

மதியத்துக்கு மேல் ஓபிர் ரோடு லூர்து மாதா கோயில். 1888இல் கட்டியது, தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென்றே எழுந்த கோயில். நாங்கள் இந்துக் குடும்பம், ஆனால் இந்தக் கோயிலுக்கும் அம்மாவுக்கும் ஒரு கடன் உண்டு.

1985இல் சிங்கப்பூருக்கு மந்தம் வந்தது, விடுதலைக்குப் பிறகு முதல் தடவையாக. தொழிற்சாலைகளில் ஆட்குறைப்பு. அம்மாவின் பெயரும் பட்டியலில் இருந்தது. அண்ணனுக்கு உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் சாதாரண நிலைத் தேர்வுக்கு (ஓ லெவல்) ஒரு வருடம்தான் இருந்தது. அவளோடு அதே மேசையில் நுண்ணோக்கி பார்த்த ஒரு கிறிஸ்தவ அக்காவுக்கும் அன்றே வேலை போனது. அந்த அக்கா அம்மாவின் கையைப் பிடித்து நேராக இங்கே கூட்டிக்கொண்டு வந்து, மாதா முன்னால் மெழுகுவர்த்தி ஏற்ற வைத்தார். "ரெண்டு பேரும் சேந்து அழுவோம், அப்புறம் சேந்து வேலை தேடுவோம்" என்றாராம். அடுத்த மாதமே இருவரும் சேர்ந்து ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கடை எடுத்தார்கள். இட்லி, தோசை, மீ சியாம். விடிகாலை 4 மணிக்கு மாவைத் தூக்கிக்கொண்டு போவார்கள். 22 வருடம் ஓடியது அந்தக் கடை. அண்ணன் பல்கலைக்கழகம் போனது, நான் ஆசிரியர் பயிற்சி முடித்தது, தம்பி படித்தது எல்லாமே அந்த இட்லித் தட்டில்.

அந்த அக்கா 2011இல் காலமானார். அம்மா அவருக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். லூர்து மாதா திருநாள் பிப்ரவரி 11. இந்த வருடம் தைப்பூசமும் பிப்ரவரி 11. "அவ இருந்திருந்தா ரெண்டு எடத்துக்கும் போயிருப்போம்" என்றாள்.

நான்காம் நாள் – பிப்ரவரி 10, திங்கள்

அம்மாவுக்கு ஓய்வு என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். தைப்பூசத்துக்கு முதல் நாளான செட்டிப்பூசம் என்பதால் சாயங்காலம் நான் மட்டும் போய் முருகனின் வெள்ளி ரதத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். தேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலிலிருந்து கியோங் சைக் ரோடு லயன் சித்தி விநாயகரைப் பார்க்கப் போய்த் திரும்புகிற ரதம். அண்ணனைப் பார்க்கத் தம்பி போகிறான் என்று சின்ன வயதில் அம்மா சொல்லித் தருவாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா தரையில் உட்கார்ந்து குடத்தின் கழுத்தில் மஞ்சள் துணியைக் கட்டிக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்காலில் தைலம் மணத்தது. 8 மணிக்கே படுத்தோம். தூங்கினோம் என்று சொல்லமாட்டேன்.

ஐந்தாம் நாள் – பிப்ரவரி 11, செவ்வாய், தைப்பூசம்

2 மணிக்குச் சிராங்கூன் ரோடு சீனிவாசப் பெருமாள் கோயில். மாமன் வீட்டிலிருந்து மருமகன் வீட்டுக்குத்தான் ஊர்வலம். மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும். எங்கே பார்த்தாலும் மஞ்சள். பிறந்து சில மாதமே ஆன குழந்தையைத் தொட்டில் கட்டித் தூக்கும் தம்பதி, குடத்தோடு நிற்கும் சீனப் பெண் ஒருத்தி, அலகுக்குக் காத்திருக்கும் பையன்கள். கோயில் பிள்ளைகள் வரிசையை அழகாக நகர்த்தினார்கள். வயதானவர் என்று பார்த்து அம்மாவுக்கு ஒரு பெண் நாற்காலி கொண்டுவந்தாள். அம்மா உட்காரவில்லை. "உக்காந்தா எந்திரிக்க மாட்டேன்மா" என்றாள்.

குடத்தில் பாலை ஊற்றி, துணியைக் கட்டி, தலையில் ஏற்றினார்கள். அரோகரா. 24 வருடம் கழித்து. கடைசியாக எடுத்தது 2001இல். 1981 தொடங்கி 21 வருடம் ஒரு வருடம் தவறவில்லை.

அந்த ஆரம்ப வருடங்கள் எனக்கு நினைவிருக்கின்றன. தைப்பூசத்துக்கு 1968க்குப் பிறகு இங்கே பொது விடுமுறை கிடையாது. மேற்பார்வையாளர் ஒருவர் லீவு தரமாட்டார். அதனால் அம்மா ராத்திரி ஷிப்டை முடித்துவிட்டு, கண்ணைச் சுற்றிய சிவப்புத் தடத்தோடே, நேராகப் பெருமாள் கோயிலுக்கு வந்துவிடுவாள். நாங்கள் மூன்று பேரும் ஆ மாவோடு அங்கே வந்து காத்திருப்போம். 10 மணி வெயிலில் தார் ரோடு எப்படிக் கொதிக்கும்! நான் தண்ணீர் போத்தலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவேன். அப்போது வழியில் வாத்தியம் கிடையாது, 1973இல் நிறுத்தியது. கூட வருகிறவர்கள் வாயாலேயே 'வேல் வேல்' என்று தாளம் பிடிப்பார்கள். 2016இலிருந்துதான் சில இடங்களில் மேளதாளத்துக்கு அனுமதி. இன்று ஒரு முனையில் உறுமியும் நாதஸ்வரமும் கேட்டதும் அம்மா அரை நிமிடம் நின்றுவிட்டாள். அவள் நடந்த 21 வருடத்தில் ஒரு தடவைகூடக் கேட்காத சத்தம்.

வீரமாகாளியம்மன் கோயிலைத் தாண்டினோம். தேக்கா, அப்புறம் சிலிகி ரோடு. அம்மாவின் நடை சின்னச் சின்ன அடியாக, ஆனால் நிற்காமல். நான் ஒரு பக்கம், அண்ணன் ஒரு பக்கம், அண்ணி பின்னால். தோபி காட் கிட்டே வரும்போது நான் கேட்டேன். இவ்வளவு வருடமாகக் கேட்க நினைத்து விட்டுப்போனது.

"அம்மா, எங்க மூணு பேருக்காகத்தானே அப்ப எடுத்த?"

கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தாள். குடம் தலையில் இருக்கும்போது பேசமாட்டாள் என்று நினைத்தேன்.

"மொத வருஷம் உங்களுக்காகத்தான். அப்புறம் அழறதுக்காக எடுத்தேன்."

எனக்குப் புரியவில்லை.

"வீட்ல எங்க அழறது? மூணு அறை. நீ பாத்துடுவ, நீ அழுவ. பெரியவன் ஸ்கூலுக்குப் போகமாட்டேன், வேலைக்குப் போறேன்னு நிப்பான். பேக்டரில அழுதா கண்ணாடியில ஒண்ணும் தெரியாது, வேலை கெட்டுப் போயிடும். இங்க பாரு, இங்க எல்லாரும் அழறாங்க. ஏன் அழறேன்னு ஒருத்தரும் கேக்கமாட்டாங்க. பெருமாள் கோயில்ல ஆரம்பிச்சா தேங்க் ரோடு வரைக்கும் உங்கப்பாவ நெனச்சு அழுவேன். முருகன் வாசல்ல தொடச்சிக்குவேன். ஒரு வருஷத்துக்கு ஓடும்."

அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. 9 வயதில் பின்னாலிருந்து பார்த்த என் அம்மாவின் கன்னம் ஞாபகம் வந்தது. துணியை மீறிக் குடத்திலிருந்து பால் சிந்தும். நெற்றியிலிருந்து கன்னம் வழியாக இறங்கும். நான் எக்கி எக்கி என் பள்ளிக் கைக்குட்டையால் அதைத் துடைத்துவிடுவேன். பால் என்றே நினைத்துத் துடைத்தேன்.

பினாங்கு ரோட்டில் அம்மாவுக்கு இடது முழங்கால் மடங்கியது. அண்ணன் சட்டென்று தாங்கிப் பிடித்தான். "விடு, விடு" என்றாள். தொண்டர் ஒருவர் ஓடிவந்தார். ஒரு நிமிடம் நின்றாள். கண்ணை மூடி ஏதோ சொன்னாள். கணக்கா, வேண்டுதலா தெரியாது. மறுபடி நடந்தாள்.

தேங்க் ரோட்டில் கோபுரம் தெரிந்தபோது அரோகரா சத்தத்தில் காது அடைத்தது. செட்டியார்கள் 1859இல் எழுப்பிய கோயில். உள்ளே வரிசை வேகமாக நகர்ந்தது. குடத்தை வாங்கினார்கள், துணியை அவிழ்த்தார்கள், வேலின் மேல் பால் இறங்கியது. மூன்று விநாடி இருக்குமா? இதற்குத்தான் 48 நாள், ஆறாயிரம் கிலோமீட்டர் போக வர. அம்மா இரண்டு கையையும் கூப்பியபடி நின்றாள். இன்று அவள் அழவில்லை. நாங்கள் மூவரும்தான் அழுதோம். காலி குடத்தை என் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையால் அண்ணனின் முகத்தைத் துடைத்துவிட்டாள், 54 வயது ஆளை, அத்தனை பேர் நடுவில்.

அன்னதானத்தில் சாம்பார் சாதம். அம்மா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பாதத்தில் இரண்டு கொப்புளம். அண்ணி மடியில் காலை எடுத்து வைத்து மருந்து போட்டார்.

ஆறாம் நாள் – பிப்ரவரி 12, புதன்

சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாள், பௌர்ணமி. காலையில் அம்மா ஆ மாவுக்குப் போன் போட்டாள். இருவருக்கும் காது சரியில்லை. ஒரே விஷயத்தை மலாயில் மாற்றி மாற்றிக் கத்தினார்கள். நடந்து முடித்தேன் என்று இவள் சொல்ல, சாப்பிட்டாயா என்று அவர் கேட்க, பத்து நிமிடம்.

குடத்தை இந்தத் தடவை ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றாள். அண்ணன் பழைய துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்தான். சாங்கியில் பை சோதனைப் பெட்டிக்குள் போனதும் நிறுத்திவிட்டார்கள். தமிழ்ப் பெண் ஒருத்தி, 25 வயது இருக்கும், பையைத் திறந்து துண்டை விலக்கினாள். குடத்துக்குள் இரண்டு ஆரஞ்சு. ஆ மா கொடுத்தவை.

"பூசத்துக்கு எடுத்தீங்களா பாட்டி?"

"ஆமாம்மா."

"எங்கம்மாவும் நேத்து எடுத்தாங்க" என்றாள் அந்தப் பெண். ஆரஞ்சைத் திரும்ப உள்ளே வைத்து, துண்டை அண்ணன் சுற்றியிருந்த மாதிரியே சுற்றிக் கொடுத்தாள்.

விமானத்தில் அம்மாவுக்கு ஜன்னலோரம். செருப்பைக் கழற்றி முன்னிருக்கைக்கு அடியில் தள்ளினாள். கொப்புளம் பட்ட காலை என் கைப்பையின் மேல் தூக்கி வைத்துவிட்டேன். விமானம் ஓடுபாதைக்குப் போவதற்குள் தூங்கிவிட்டாள். குடம் அவள் மடியில் இருந்தது. மேலே வைக்க வேண்டும் என்று பணிப்பெண் வந்து சைகை காட்டினார். விரல் விரலாக விலக்கி நான்தான் அதை எடுத்துக் கொடுத்தேன்.